வேலூரில் தேர்தல் நடக்காத ஐந்து வருடங்கள்

2016 அக்டோபர் 24ஆம் தேதியோடு எங்கள் ஊராட்சித் தலைவரின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தலைவர் பதவியேற்றது 2021 அக்டோபரில். இடைப்பட்ட ஐந்து வருடமும் வேலூர் மாவட்டத்தின் எந்தக் கிராமத்திலும் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவர் இல்லை, வார்டு உறுப்பினர் இல்லை, ஒன்றியக் கவுன்சிலரும் இல்லை. அரசியலில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்று நாம் நிறையவே பேசுகிறோம். முப்பத்து மூன்று சதவீதமா ஐம்பதா, நாடாளுமன்றத்துக்கு எப்போது வரும், வீட்டுக்காரர்தானே பின்னால் இருந்து நடத்துகிறார் என்றெல்லாம் பேச்சு ஓடும். இந்த ஐந்து வருடம் மட்டும் அந்தப் பேச்சில் வருவதே இல்லை. பெண்களுக்கு நடந்த இழப்பில் இதைவிடப் பெரியது எங்கள் பக்கத்தில் வேறு எதுவும் இல்லை என்பது என் எண்ணம்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், தேர்தல் நின்றுபோனால் ஆண்களுக்குப் போகிற இடம் பல இருக்கிறது. சட்டமன்றம், நாடாளுமன்றம், கட்சிக் கிளை, ஒன்றியச் செயலாளர் பதவி, கூட்டுறவு சங்கம், கோயில் கமிட்டி. பெண்களுக்குச் சட்டப்படி பாதி இடம் என்று எழுதி வைத்திருப்பது உள்ளாட்சியில்தான். அந்தக் கதவை மூடினால் வேறு கதவு கிடையாது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்தது. மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்றது. தமிழ்நாடு 1994இல் ஊராட்சிகள் சட்டம் போட்டு, 1996இல் அதன்படி முதல் தேர்தலை நடத்தியது. பிறகு 2016 பிப்ரவரியில், ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது, மூன்றில் ஒரு பங்கைப் பாதியாக உயர்த்தும் சட்டத் திருத்தங்கள் சட்டமன்றத்தில் நிறைவேறின. அந்த வருட அக்டோபரில் நடக்க இருந்த தேர்தல்தான் பாதி இடத்தோடு வரும் முதல் தேர்தல்.

என் பெரியம்மா அந்தத் தேர்தலில் மனு போட்டார்.

அவர் 2011இல் வார்டு உறுப்பினர் ஆனவர். அதற்கு முன்னால் மகளிர் குழுவில் ஊக்குநர். எட்டாவது வரை படிப்பு. குழுக் கணக்கை எழுதி எழுதிக் கையெழுத்தும் கணக்கும் தெளிவாக வந்திருந்தது. வார்டு உறுப்பினர் என்றால் பெரிய அதிகாரம் ஒன்றும் கிடையாது. சம்பளம் கிடையாது, கூட்டத்துக்குப் போனால் சிறு படி. ஆனால் அந்த ஐந்து வருடத்தில் அவர் கற்றுக்கொண்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எந்த வால்வைத் திறந்தால் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் போகும் என்று தெரிந்துகொண்டார். டேங்க் ஆபரேட்டர் எத்தனை மணிக்கு மோட்டார் போடுகிறார், எந்தத் தெருவுக்குக் குறைக்கிறார் என்று கவனித்தார். எஸ்டிமேட் என்றால் என்ன, அதை யார் போடுவார்கள், ஓவர்சீயரிடம் எப்படிப் பேச வேண்டும், கூட்டத்தில் பேசியதைத் தீர்மான நோட்டில் ஏற்றாவிட்டால் பேசாததற்குச் சமம் என்பதையெல்லாம் கற்றார். பாலாற்றில் தண்ணீர் ஓடாத வருடங்கள் அவை. எங்கள் பக்கத்தில் குடத்தோடு நிற்கிற பெண்ணுக்கு அரசியல் என்றால் முதலில் அந்த வால்வுதான்.

கிளார்க் தீர்மான நோட்டை வீட்டுக்கே கொண்டுவந்து கையெழுத்துக் கேட்பார். மற்ற உறுப்பினர்கள் வாசல்படியில் நின்றபடியே போட்டுக் கொடுத்துவிடுவார்கள். பெரியம்மா, “வெச்சிட்டுப் போப்பா, படிச்சிட்டுப் போடறேன், சாயங்காலம் வந்து வாங்கிக்க” என்பார். முதலில் கிளார்க்குக்கு எரிச்சல். அப்புறம், அவருக்குப் பிடிக்காத செலவு ஏதாவது தீர்மானத்தில் இருந்தால், “அக்கா, நீங்களே கூட்டத்துல கேளுங்க” என்று இவரிடமே சொல்லி அனுப்புகிற அளவுக்கு மாறிவிட்டார்.

2016இல் எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு என்று பட்டியலில் வந்தது. குழுப் பெண்கள் எல்லோரும் பெரியம்மாவைத்தான் நிற்கச் சொன்னார்கள். டெபாசிட் 600 ரூபாயை அவர்களே போட்டுக் கட்டினார்கள். தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது என்பதால் கட்சிக்காரர் யாரிடமும் போய் நிற்க வேண்டிய அவசியமும் இல்லை. நோட்டீசில் என்ன எழுதுவது என்று ராத்திரி எல்லாம் பேசிக்கொண்டிருந்தோம்.

வாக்குப்பதிவு அக்டோபர் 17, 19 என்று அறிவித்திருந்தார்கள். அக்டோபர் 4ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிக்கையை ரத்து செய்தது. பழங்குடியினருக்கான இடஒதுக்கீட்டை முறையாகச் செய்யவில்லை, அறிவிக்கை விதிப்படி வரவில்லை என்பது வழக்கு. அந்தக் குறை நியாயமானது. பழங்குடியினர் வாழும் ஜவ்வாது மலை ஊராட்சிகளை வைத்திருக்கிற மாவட்டத்துக்காரி நான், அதை எப்படித் தவறென்று சொல்வேன்? ஆனால் சில மாதத்தில் சரிசெய்து நடத்தியிருக்க வேண்டிய தேர்தலை மூன்று வருடம் இழுத்தார்கள். தொகுதி மறுவரையறை, புது வழக்கு, அவகாசம், மறுபடி அவகாசம்.

இடையில் இன்னொன்றும் நடந்தது. 2019 நவம்பர் 28இல் வேலூர் மாவட்டத்தைப் பிரித்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களைத் தொடங்கினார்கள். வட ஆற்காடாக இருந்தது 1989இல் ஒருமுறை பிரிந்தது, இப்போது மறுபடி மூன்றானது. கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் வந்தது மக்களுக்கு நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எல்லை மாறினால் வார்டு மறுவரையறை செய்ய வேண்டும். அதனால் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தபோது, பிரிக்கப்பட்டும் புதிதாகவும் உருவான 9 மாவட்டங்களை விட்டுவிட்டார்கள். நான்கு மாதத்தில் வேலையை முடிக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். பிறகு கொரோனா வந்தது. கடைசியில் எங்களுக்குத் தேர்தல் நடந்தது 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில். நகர்ப்புறத்துக்கு இன்னும் தாமதம். வேலூர் மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரி 19 வரை காத்திருந்தோம்.

அந்த ஐந்து வருடமும் ஊராட்சியை நடத்தியது தனி அலுவலர். கிராம ஊராட்சிக்கு வட்டார வளர்ச்சி அலுவலர்தான் தனி அலுவலர். இன்றைய வேலூர் மாவட்டத்தில் 7 ஒன்றியங்கள், 247 ஊராட்சிகள். ஒரு ஒன்றியத்துக்குச் சராசரியாக 35 ஊர். ஒரே அதிகாரி அத்தனை ஊருக்கும் தலைவர். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் மூன்றாவது தெருவில் மோட்டார் ஓடவில்லை என்பது அவர் காதுக்கு எப்படிப் போகும்? தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்கள் இல்லை என்று மத்திய நிதிக்குழு மானியத்தையும் நிறுத்தி வைத்தார்கள்.

பெரியம்மா ஒருமுறை தண்ணீர்ப் பிரச்சினைக்காகக் குழுப் பெண்களோடு பஸ் ஏறி ஒன்றிய அலுவலகம் போனார். முன்பு உறுப்பினராக இருந்தபோது பல தடவை போன இடம்தான். அங்கே ஒருவர், “நீங்க யாரும்மா? எந்த அடிப்படையில கேக்கறீங்க?” என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம்கூட இல்லை. பதவி இல்லாத ஆண் அதே அலுவலகத்துக்குப் போனால் முன்னாள் தலைவர் என்பார்கள், கட்சிக்காரர் என்பார்கள், கான்ட்ராக்டர் என்பார்கள், நாற்காலி போடுவார்கள். பதவி இல்லாத பெண் அங்கே வெறும் மனுதாரர்.

2021இல் தேர்தல் வந்தபோது பெரியம்மா நிற்கவில்லை. பெரியப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார். கூட நின்ற குழுப் பெண்களில் பாதிப் பேர் ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். விடிகாலை வேன் ஏறினால் இரவு ஏழு மணிக்குத்தான் வீடு. முட்டிவலி வேறு. அப்புறம் செலவு. ஐந்து வருடம் பதவி இல்லாமல் காத்திருந்த பணக்காரர்கள் எல்லோரும் ஒரே தேர்தலில் இறங்கியபோது ஒரு ஓட்டுக்குக் கொடுக்கிற தொகை எங்கள் ஊரில் யாரும் கேட்டிராத அளவுக்கு ஏறியது. குழுப் பெண்கள் சேர்ந்து டெபாசிட் கட்டிய 2016 போல இனி ஒரு தேர்தல் எங்கள் ஊரில் நடக்குமா என்று கவலையாக இருக்கிறது.

ஜெயித்தவரும் பெண்தான். அவருடைய கொழுந்தனார் காண்ட்ராக்ட் வேலை செய்பவர், நிற்க வைத்ததும் அவர்தான். முதல் வருடம் கொழுந்தனார் சொன்ன இடத்தில் தலைவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார் என்பதை ஊரே பார்த்தது. இதைக் காட்டித்தான், “இதுக்குத்தான் பொம்பளைங்களுக்கு சீட்டா?” என்று டீக்கடையில் பேசுகிறார்கள். அவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். அந்தப் பெண்ணுக்கு வார்டு உறுப்பினராக இருந்து கற்றுக்கொள்ளும் வாய்ப்பே வரவில்லை. 2016இலிருந்து 2021 வரை தேர்தல் ஒழுங்காக நடந்திருந்தால் அவர் முதலில் உறுப்பினராகி, தீர்மான நோட்டைப் படித்து, பிறகு தலைவராகி இருக்கலாம். அதுவும் இல்லாமலே, இரண்டாவது வருடத்தில் அவர் கிளார்க்கிடம் கணக்கைக் கேட்க ஆரம்பித்தார். மே 1 கிராம சபையில் கொழுந்தனார் பேச எழுந்தபோது, “நான் சொல்றேன், உக்காருங்க” என்றார். நான் அங்கே இருந்தேன். பெண்கள் பக்கம் கைதட்டல் கேட்டது.

உண்மையில் அவருக்கு முட்டுக்கட்டை போட்டது கொழுந்தனாரைவிடத் துணைத்தலைவர்தான். இது வெளியில் பலருக்குத் தெரியாத விஷயம் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஊராட்சிக் கணக்கில் பணம் எடுக்கத் தலைவர், துணைத்தலைவர் இருவர் கையெழுத்தும் வேண்டும். தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு. துணைத்தலைவர் பதவிக்கு இல்லை. துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே தலைவர் பதவி பெண்ணுக்கோ தலித் பெண்ணுக்கோ போகிற ஊரில், அதுவரை ஊரை வைத்திருந்தவர்கள் பார்வை துணைத்தலைவர் பதவி மேல் போகும். உறுப்பினர் ஓட்டு நான்கைந்து கிடைத்தால் போதும். அப்புறம் தெருவிளக்கு வாங்க வேண்டுமா, மோட்டார் ரிப்பேரா, துப்புரவுப் பணியாளர் சம்பளமா, எல்லாம் அந்தக் கையெழுத்துக்குக் காத்திருக்கும். எங்கள் தலைவர் பழுதான மோட்டாருக்காகத் துணைத்தலைவர் வீட்டு வாசலுக்கு நடந்துகொண்டே இருந்தார். தண்ணீர் வராத தெருக்காரர்கள் திட்டியது மட்டும் தலைவரை. அவருக்கு மாத மதிப்பூதியம் 1,000 ரூபாய், பிறகு 2,000 ஆனது. பாதி இடம் கொடுத்த சட்டம் இந்த இரண்டாவது கையெழுத்தையும் கவனித்திருக்க வேண்டும். தலைவர் பெண் என்றால் துணைத்தலைவரும் பெண்ணாகவோ, இல்லையென்றால் நியாயமான காரணம் எழுதாமல் கையெழுத்தை நிறுத்தி வைத்தால் குறிப்பிட்ட நாளுக்குள் அதிகாரி முடிவெடுக்கும்படியோ ஒரு விதி வேண்டும் என்று நான் கேட்கிறேன்.

ஆம்பூருக்குப் பக்கத்தில், இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கும் நாயக்கனேரி மலை ஊராட்சியில் நடந்தது இதைவிடக் கொடுமை. 2021இல் தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. ஊர் எதிர்த்தது, தேர்தலைப் புறக்கணித்தது. மனு போட்ட ஒரே பெண் போட்டியின்றித் தேர்வானார். தேர்வானவர் பதவியேற்க முடியவில்லை. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சான்றிதழ் கையில் இருக்கிற ஒரு பெண் நாற்காலியில் உட்கார முடியாத ஊர் நம் பக்கத்தில் இருக்கிறது என்பதை, வேலூரில் உட்கார்ந்து பெண்கள் தினத்துக்கு மேடை போடுகிறவர்கள் ஒருமுறையாவது பேச வேண்டும்.

நகரத்துக்கு வருவோம். வேலூர் 2008இல் மாநகராட்சி ஆனது. மேயராக இருந்த ப. கார்த்திகேயன் பிறகு வேலூர் தொகுதியில் 2016இலும் 2021இலும் சட்டமன்ற உறுப்பினர் ஆனார். 2011இல் மேயரான கார்த்தியாயினி, அடுத்து கட்சி மாறி, 2024இல் சிதம்பரத்தில் மக்களவைக்கு நின்று தோற்றார். 2022இல் சுஜாதா ஆனந்தகுமார் மேயரானார். ஒரே நாற்காலி, ஆணுக்கு அது சொந்த ஊர்ச் சட்டமன்றத் தொகுதிக்கு வழியானது, பெண்ணுக்கு ஆகவில்லை. இரண்டு பேரின் திறமையை வைத்து இதைச் சொல்லவில்லை. கட்சிகள் மேயர் பதவிக்குப் பெண்ணைத் தேடுவது பட்டியலில் பெண் என்று போட்டிருப்பதால். பொதுத் தொகுதி வந்தால் அந்தத் தேடல் நின்றுவிடுகிறது.

அதே 2022 தேர்தலில் 37ஆவது வார்டில் கங்கா நாயக் என்ற திருநங்கை திமுக சார்பில் நின்று ஜெயித்தார். அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பல வருடம் ஓயாமல் தெருவில் வேலை செய்த ஒருவருக்கு ஒரு வார்டு மக்கள் கொடுத்த பதில் அது.

சட்டமன்றத்தைப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 2021இல் 234 பேரில் பெண்கள் 12 பேர். வேலூர் மாவட்டத்தின் 5 தொகுதிகளில் ஒருவர், குடியாத்தத்தில் அமுலு விஜயன். அதே குடியாத்தத்தில் 2016இல் ஜெயந்தி பத்மநாபன் ஜெயித்து, 2017இல் தகுதி நீக்கம் செய்யப்பட்ட 18 அதிமுக எம்எல்ஏக்களில் ஒருவரானார். பக்கத்து வாணியம்பாடியில் 2016இல் வென்ற நிலோபர் கபீல் தொழிலாளர் நலத்துறை அமைச்சராகவே இருந்தார். ஆக, இந்த மண்ணில் பெண்ணுக்கு ஓட்டு விழாது என்று யாரும் சொல்ல முடியாது. காமராஜர் 1954இல் இடைத்தேர்தலில் நின்று வென்ற குடியாத்தம் 2016இலும் 2021இலும் இரண்டு கட்சிகளிலிருந்து இரண்டு பெண்களை அனுப்பியிருக்கிறது. கட்சிகள் சீட்டுக் கொடுத்தால் மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள். ஆனால் வேலூர் மக்களவைத் தொகுதி 2024 வரை ஒரு தடவைகூட ஒரு பெண்ணை டெல்லிக்கு அனுப்பவில்லை. ஐடா ஸ்கடர் 1918இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கிய ஊர் இது. ஆபரேஷன் தியேட்டரில் பெண்ணை நம்பி நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது.

மும்பை மாநகராட்சி வார்டுகளை வைத்து ரிகில் பவ்நானி 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரு வார்டு ஒரு தேர்தலில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தால், அடுத்த தேர்தலில் ஒதுக்கீடு நீங்கிய பிறகும் அங்கே பெண் ஜெயிக்கும் வாய்ப்பு, முன்பு ஒதுக்கப்படாத வார்டைவிடச் சுமார் ஐந்து மடங்கு என்று அவர் கண்டார். ஒருமுறை இருந்து வேலை செய்தவரை மக்கள் மறப்பதில்லை, கட்சியும் மறப்பதில்லை. இதை எங்கள் ஊரோடு வைத்துப் பார்க்கிறேன். தொடர்ச்சியாகத் தேர்தல் நடந்தால்தான் இந்தப் பலன் வரும். ஐந்து வருடம் இடைவெளி விட்டால் பெரியம்மா மாதிரி ஆட்கள் அந்த இடைவெளியில் வயதாகிப் போகிறார்கள். அவர்கள் கற்றது யாருக்கும் போய்ச் சேராமலே நின்றுவிடுகிறது.

2023 செப்டம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 106ஆவது திருத்தம் மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் மூன்றில் ஒரு பங்கு என்கிறது. மக்களவையில் ஆதரவு 454, எதிர்ப்பு 2. அதே சட்டம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அதன்பின் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகுதான் அமலாகும் என்றும் எழுதியிருக்கிறது. மறுவரையறை என்ற பெயரில் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று வேலூர் மாவட்டத்துப் பெண்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இப்போது என் கவலை இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை, மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். எங்கள் 9 மாவட்டங்களுக்கு ஐந்தாண்டு 2026 அக்டோபரில் முடிகிறது. பதவிக்காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 243-ஈ பிரிவு சொல்கிறது. வேலூரில் 247 தலைவர்களில் பாதிப் பேர் பெண்கள். அவர்கள் எல்லோரும் ஒரே நாளில் வீட்டுக்குப் போய், அடுத்தவர் வராமல் இருந்தால், அதை ஒரு நிர்வாகத் தாமதம் என்று மட்டும் எழுதக்கூடாது. பெண்களுக்குக் கொடுத்த பாதியை அன்றைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். எம்எல்ஏ தேர்தலை ஐந்து மாதம் தள்ளிவைத்தால் நாடு சும்மா இருக்குமா?

எங்கள் தெருவில் இப்போது வார்டு உறுப்பினராக இருக்கும் பெண்ணுக்கு முப்பத்து நான்கு வயது. நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருந்தவர். கணியம்பாடிப் பக்கம் நாகநதியில் தண்ணீரை நிலத்தடிக்கு இறக்கும் மீளூட்டுக் கிணறுகளைப் பெண்கள் கட்டியதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, நம் ஏரி வரத்துக் கால்வாயிலும் அதைச் செய்ய வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவர். அடுத்த முறை தலைவருக்கு நிற்பதாகச் சொல்கிறார். பெரியம்மா தினமும் சாயங்காலம் அவரை உட்கார வைத்து எஸ்டிமேட் படிக்கக் கற்றுக்கொடுக்கிறார். பட்டியல் எந்த மாதம் வருகிறது, எங்கள் ஊர் பொதுவா பெண்ணா என்பதெல்லாம் வெளிவரும்போது பார்த்துக்கொள்ளலாம். ஊராட்சிக்குப் பாக்கி இருந்தால் மனுவைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள் என்பதால், வீட்டு வரியையும் குடிநீர்க் கட்டணத்தையும் இந்த மாதமே கட்டி ரசீதைப் பத்திரமாக வைக்கச் சொல்லியிருக்கிறேன்.